குதிக்கும் முன் இறங்கப் பழகுவோம்: இளம் ஓட்டக்காரர்களுக்கு பிளையோமெட்ரிக் பயிற்சி

பிள்ளைகள் 100 மீட்டர் ஓடும்போது மைதானத்தின் ஓரமாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பலருடைய கால் ‘தொப் தொப்’ என்று விழும். ஒன்றிரண்டு பேருடைய கால் மட்டும் ‘டக் டக்’ என்று தரையைத் தட்டிவிட்டுப் போகும். முன்னால் ஓடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

முழு வேகத்தில் ஓடும் தேர்ந்த வீரரின் பாதம் தரையில் இருப்பது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், சில சமயம் அதற்கும் குறைவு. அதற்குள் தசை தன் முழு பலத்தையும் திரட்டிவிட முடியாது. கைகொடுப்பது குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண். பாதம் ஊன்றும்போது அது இழுபட்டு, உடனே சுருங்கி உடலை எறிகிறது. உண்டிவில் ரப்பர் போலத்தான்; ஆனால் உண்டிவில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் குறிபார்க்கலாம், காலில் அது நடக்காது. தாமதித்தால் சேர்ந்த ஆற்றல் வெப்பமாகக் கரைந்துவிடும். இழுபட்ட கணமே துள்ளி எழக் காலைப் பழக்குவதுதான் பிளையோமெட்ரிக்.

1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி, உயரமான பெட்டியிலிருந்து குதித்து இறங்கிய கையோடு மேலே தாவும் முறையை வளர்த்தெடுத்தார். அது நன்கு வலுவேறிய வீரர்களுக்கானது. இன்று கைப்பேசிக் காணொளிகளில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். ஆரம்பிக்கிறவர்கள் அங்கிருந்தே ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை பார்வையாளர் படிக்கட்டிலிருந்து குதிக்க வைத்தேன். இரண்டே வாரத்தில் நான்கு பேர் முன்னங்கால் எலும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிழை என்னுடையது.

தொடங்கும் முன்

பெண்பிள்ளைகள் 12 வயதையொட்டியும் பையன்கள் 14 வயதையொட்டியும் மளமளவென்று வளர்வார்கள். முதலில் எலும்பு நீளும். தசையும் நாணும் பின்னால்தான் ஈடுகொடுக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் அழுத்தினால் வலிக்கிறதா? குதிகாலில் வலியா? அந்தப் பிள்ளைக்கு இப்போது குதிப்பு வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும். சிமென்ட் தளம் கூடவே கூடாது. புல் தரை நல்லது, இறுகிய மண் தரையும் போதும். பத்து நிமிடம் மெல்ல ஓடி உடலைச் சூடேற்றிய பிறகே குதிக்க வேண்டும்.

முதல் படி: இறங்குவது

முதல் இரண்டு வாரம் இது மட்டும்தான். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

நின்ற இடத்தில் ஒரு சாண் உயரம் குதித்து, இறங்கியதும் சிலைபோல மூன்று எண்ணும்வரை நிற்க வேண்டும். முன்பாதம் முதலில் தொட, குதிகால் மெதுவாகப் பின்தொடரும். இடுப்பு பின்னால் போகும், முழங்கால் மடங்கும். ஐந்து குதிப்பு, மூன்று சுற்று. சோதனை ஒன்றே ஒன்று: சத்தம் கேட்கக் கூடாது. பூனை மதில்மேலிருந்து இறங்குவதைப் பார்த்திருப்பார்களே, அதைச் சொல்லுங்கள்.

காதுக்கு அகப்படாத ஒரு தவறு உண்டு. இறங்கும்போது இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்வது. விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி வரும் ஏ.சி.எல். என்ற மூட்டு நார், பலருக்கும் இப்படிச் சாய்ந்து இறங்கும் கணத்தில்தான் கிழிகிறது. பருவமடைந்த பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து பையன்களைவிட அதிகம். கால்பந்து அணிகளுக்கான ‘ஃபிஃபா 11+’ என்ற தயார்ப்படுத்தும் பயிற்சியில் குதித்து இறங்குவதைச் சேர்த்திருப்பது சும்மா இல்லை. ஒருவர் குதிக்க, எதிரே நிற்கும் இன்னொருவர் முழங்காலை மட்டும் பார்க்கட்டும். கைப்பேசியில் முன்னாலிருந்து படமெடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டினால், நாம் பத்து முறை சொல்வதைப் பிள்ளை ஒரே முறையில் புரிந்துகொள்ளும்.

இரண்டாம் படி: துள்ளல்

முழங்காலை அதிகம் மடக்காமல், கணுக்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு குட்டிக் குட்டியாகத் துள்ளுவது. பத்து துள்ளல், இரண்டு சுற்று. ‘உச்சி வெயிலில் வெறுங்காலோடு மணலில் நிற்கிறாய்’ என்றால் போதும், காலை உடனே எடுத்துவிடுவார்கள். ஸ்கிப்பிங் கயிறு இருந்தால் அதுவே இந்தப் பயிற்சி.

மூன்றாம் படி: மேலே தாவுவது

20 முதல் 30 செ.மீ. உயரமுள்ள உறுதியான படியின் மேல் இரு காலாலும் தாவி, நடந்து இறங்க வேண்டும். உயரத்தில் கால் வைப்பதால் விழும் தூரம் குறைவு, மூட்டில் அடியும் குறைவு. குதித்து இறங்கினால் அந்த லாபம் போய்விடும். ஐந்து தாவல், இரண்டு சுற்று.

நான்காம் படி: முன்னோக்கிப் பாய்வது

ஓட்டம் முன்னால் போவது. ஆகவே குதிப்பும் முன்னால் போக வேண்டும். முதலில் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டி, அசையாமல் நிற்பது. பிறகு ஒற்றைக் காலில் ஐந்தைந்து. நொண்டியும் பாண்டியும் ஆடிய தலைமுறை இதைக் காசு கொடுக்காமலே கற்றது; இன்றும் பயிற்சிக்கு முன் கால் மணி நேரம் நொண்டி ஆடவிடுவேன், அதையும் கணக்கில் சேர்ப்பேன். ஒரு மாதம் கழித்து, மானைப்போலக் கால் மாற்றி மாற்றித் தாவிச் செல்வது, 15 மீட்டர், இரண்டு முறை.

கணக்கு

பாதம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையையும் எண்ணுங்கள். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 40 முதல் 60 போதும். வாரம் இரண்டு நாள், இடையில் குறைந்தது 48 மணி நேர ஓய்வு. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஒரு நிமிடமாவது நிற்கட்டும். களைக்க ஓடிவிட்டு வந்து குதிக்கக் கூடாது. குதிப்பு முதலில், அதன் பிறகு 20 மீட்டர் வேக ஓட்டம் மூன்று, நான்கு முறை. துள்ளியபோது கேட்ட அதே ‘டக்’ ஓட்டத்திலும் கேட்கிறதா என்று பாருங்கள்.

சத்தம் ‘தொப்’ என்று மாறினால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் பத்து பாக்கி இருக்கிறது சார்’ என்று ஒருவன் கட்டாயம் வந்து நிற்பான். வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தண்ணீர் குடிக்க அனுப்பிவிடுங்கள்.