பிரிண்டர் கிறுக்கித் தள்ளும்போது செய்யக் கூடாதவை

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகைகளும் பொங்கல் மலர்களும்தான் முக்கால்வாசி வேலை. சில ஆண்டுகளுக்கு முன் பழைய லேசர் பிரிண்டர் ஒன்றை மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கி வந்தேன். முதல் வேலையாக ஒரு பத்திரிகையின் மாதிரிப் படியை அனுப்பினேன். பிள்ளையார் சுழி வர வேண்டிய இடத்தில் ஒரு விழுக்காட்டுக் குறி, ஒரு வியப்புக்குறி, அதை ஒட்டி ஆங்கிலத்தில் பிஎஸ், அடோபி, 3.0 என்று வந்தது. அடுத்த வரி, முந்தைய வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கியது. அதற்கடுத்தது இன்னும் வலப்புறம். படிக்கட்டு போல இறங்கிச் சென்று தாளின் ஓரத்தில் காணாமல் போனது. நான் நிறுத்துவதற்குள் எழுபது தாள் போயிற்று.

அன்று முதலில் கேபிளை மாற்றினேன். பிறகு டோனரைக் கழற்றிக் குலுக்கினேன். இரண்டுமே வெட்டி வேலை. கேபிள் கெட்டிருந்தால் எழுத்துப் பிசகாமல் ஆங்கில வரிகள் வந்திருக்குமா? தாளில் இருந்தது குப்பை அல்ல. பக்கத்தை எப்படி வரைய வேண்டும் என்று கணினி எழுதி அனுப்பிய கட்டளைகள். அவற்றைப் படித்து வரையத் தெரியாத பிரிண்டர், வெறும் எழுத்து என்று நினைத்து அப்படியே அச்சடித்துவிட்டது.

பக்கத்தை விவரிக்கும் மொழிகள் பல உண்டு. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984இல் வந்தது. மறு ஆண்டு ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டர் அதைப் பரப்பியது. ஹெச்பியின் பிசிஎல், அதே 1984இல் வெளிவந்த லேசர்ஜெட்டோடு அலுவலகங்களுக்குள் நுழைந்தது. என் பழைய பிரிண்டருக்குத் தெரிந்தது பிசிஎல் மட்டும். நான் அனுப்பியதோ போஸ்ட்ஸ்கிரிப்ட். வரி முடிவில் ‘கீழே இறங்கு’ என்ற குறி மட்டும் இருந்தது, ‘இடது ஓரத்துக்குத் திரும்பு’ என்பது இல்லை. படிக்கட்டின் ரகசியம் இவ்வளவுதான். எதிர்த்திசையில் நடந்தால் அடையாளம் வேறு: போஸ்ட்ஸ்கிரிப்ட் மட்டும் அறிந்த பிரிண்டருக்கு பிசிஎல் போனால், பெரும்பாலும் விளக்கு சிறிது நேரம் மினுக்கிவிட்டு அடங்கிவிடும், தாளே வராது. அல்லது பிழைச் செய்தியோடு ஒற்றைத் தாள் வரும்.

ஆகவே கேபிளைத் தொடும் முன், பிரிண்டருக்குப் போகும் கோப்பின் தலையை, அதாவது முதல் சில வரிகளைப் பாருங்கள். நோட்பேட் போன்ற சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால் போதும். விழுக்காட்டுக் குறியும் வியப்புக்குறியும் இருந்தால் போஸ்ட்ஸ்கிரிப்ட். விழுக்காட்டுக் குறியை அடுத்து பிடிஎஃப் என்றிருந்தால், சொல்லவே வேண்டாம். பிஜெஎல் (பிரிண்டருக்கு வேலையைப் பற்றிச் சொல்லும் கட்டளைகள்) என்ற வரிகள் தலையில் இருந்தால் இன்னும் நல்லது. கீழே வருவது எந்த மொழி என்று பெரும்பாலும் அவற்றிலேயே எழுதியிருக்கும்.

கிறுக்கல் தொடங்கியதும் பிரிண்டரை மட்டும் அணைத்துப் போடுவது அடுத்த தவறு. வேலை கணினியின் அச்சு வரிசையில் உயிரோடு இருக்கும். மறுபடி போட்டதும் பாதியிலிருந்து வரும். தலைப்பகுதி தொலைந்துபோனதால், சரியான மொழியில் இருந்தாலும் கிறுக்கலாகத்தான் வரும். முதலில் வரிசையில் வேலையை நீக்குங்கள், பிறகு அணைத்துப் போடுங்கள்.

என்னிடம் அதிகம் வரும் வில்லங்கம் பிஆர்என் கோப்பு. வீட்டிலேயே ‘கோப்பில் அச்சிடு’ என்று கொடுத்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு, “அண்ணா, அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்” என்று வந்து நிற்பார்கள். அந்தக் கோப்பு அவர்கள் வீட்டு பிரிண்டரின் டிரைவர் (கணினியில் அந்த பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) பேசும் மொழியில் இருக்கிறது. என் பிரிண்டருக்கு அது தெரிய வேண்டும் என்று விதியில்லை. எழுத்துருக்களை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகக் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன். போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு மட்டுமே மிஞ்சியிருந்தால், கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் அதைப் பிடிஎஃப் ஆகவோ பிசிஎல் ஆகவோ மாற்றிக்கொள்ளலாம்.

மாடல் பெயரை நம்பி டிரைவர் போடுவதும் ஆபத்து. கடைசியில் ஓர் எழுத்து கூடினால் போஸ்ட்ஸ்கிரிப்ட் உண்டு, குறைந்தால் இல்லை என்ற கதையெல்லாம் இருக்கிறது. பிசிஎல் 5, பிசிஎல் 6 இரண்டும் பெயரில்தான் அண்ணன் தம்பி. உள்ளே வேறு வேறு மொழி. பிரிண்டரிலேயே உள்ளமைவுப் பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள், எந்தெந்த மொழி தெரியும் என்று பெரும்பாலான லேசர் பிரிண்டர்கள் அதில் சொல்லிவிடும். மலிவு பிரிண்டர்கள் சிலவற்றுக்கு எந்த மொழியுமே தெரியாது. கணினியே பக்கத்தைப் புள்ளிகளாக வரைந்து கொடுக்க வேண்டும். அவற்றுக்கு அவற்றின் சொந்த டிரைவரைத் தவிர வேறு வழியில்லை.

மொழி பொருந்தியும் தமிழ் மட்டும் கெட்டால் எழுத்துருவைச் சந்தேகியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ‘தமிழ்’ என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கில வரிசை. எழுத்துரு கோப்பில் பதிந்திருக்காவிட்டால் பிரிண்டர் தன்னிடமுள்ள கூரியர் என்ற ஆங்கில எழுத்துருவைப் போட்டு அந்த ஐந்தையும் அச்சடித்துவிடும். மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளைக் கண்டு ஒரு தகப்பனார் என் கடையில் முகம் வெளுத்து நின்றார். பிடிஎஃபின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும். அவசரத்துக்கு ‘படமாக அச்சிடு’ என்று கொடுக்கலாம். மெதுவாக வரும், ஆனால் பெயர் தப்பாது. டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களில் செய்த பழைய பத்திரிகைக் கோப்புகள் இருந்தால் இப்போதே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். 2023 ஜனவரியோடு அடோபி தன் மென்பொருள்களில் அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

ஒன்றுமே வராமல் ஆரஞ்சு விளக்கு மட்டும் அடங்காமல் மினுக்கிக்கொண்டே இருந்தால் மொழியைக் குறை சொல்லாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கோப்புகள் பல ‘லெட்டர்’ அளவில், 612-க்கு 792 பாயிண்டில் (ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட்) இருக்கும். நம் ஏ4 595-க்கு 842. தட்டு நிறைய ஏ4 இருந்தாலும், பிரிண்டர் லெட்டர் தாளுக்காகக் காத்திருக்கும். கணினித் திரையில் வரும் அச்சுப் பெட்டியில் அளவை ஏ4 என்று மாற்றி மறுபடி அனுப்பினால் போதும்.