வீட்டு முற்றத்தில் நாற்பாத்திப் பூந்தோட்டம்

கன்று வாங்கப் புறப்படும் முன் கயிறும் முளையும் எடுங்கள். கோடு பிசகிய தோட்டத்தை எந்தப் பூவும் காப்பாற்றாது.

20 அடிச் சதுரம் போதும். வாசற்படியின் நடுவில் ஒரு முளை, படலையின் நடுவில் ஒரு முளை. இரண்டுக்கும் இடையே இழுத்துக் கட்டிய கயிறே நடுக்கோடு. படலை ஒரு பக்கம் விலகியிருந்தால் அதை விட்டுவிட்டு, வாசலில் இருந்து வீட்டுச் சுவருக்கு நேர் செங்குத்தாகக் கயிற்றை இழுங்கள். விறாந்தையில் கதிரை போட்டு இருந்துதானே தோட்டத்தைப் பார்க்கப் போகிறீர்கள்?

மூலைகளைக் கண்ணால் மதிக்க வேண்டாம். மூலையில் இருந்து ஒரு பக்கம் 9 அடி, மறுபக்கம் 12 அடி அளந்து குறியிடுங்கள். இரண்டு குறிக்கும் இடையே சரியாக 15 அடி வந்தால் மூலை சரி. நான்கு மூலையும் அடித்தபின் குறுக்கே அளங்கள். இரண்டு குறுக்களவும் 28 அடி 3½ அங்குலம் இருக்க வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் சதுரம் சாய்ந்துவிட்டது. முளையைப் பிடுங்கித் திரும்ப அடியுங்கள்.

நடுவில் 3 அடி அகலத்தில் இரு பாதைகள் ஒன்றையொன்று வெட்டும். மீதி நான்கு பாத்திகள், ஒவ்வொன்றும் 8½ அடி. மைய முளையில் 3 அடிக் கயிறு கட்டி வட்டம் கீறினால் பாத்திகளின் உள்மூலைகள் வளைந்து வரும். வட்டத்தின் நடுவே ஒரு நந்தியாவட்டை வைக்கலாம். முதலில் அலவாங்கால் குத்திப் பாருங்கள்: 1½ அடிக்குள் சுண்ணக்கல் தட்டினால் பெரிய சீமெந்துச் சாடியில் வைப்பதே நல்லது.

பாதைக்குச் செங்கல் அல்லது கிரவல். சுண்ணக்கல் சல்லி பளிச்சென்று இருக்கும், ஆனால் ஏற்கெனவே சுண்ணாம்பு கூடிய நம் யாழ்ப்பாண மண்ணில் அதை இன்னும் சேர்க்கும். எக்ஸோராவின் (வெட்சி) இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதனால்தான்: மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. அதனால் பாத்தி ஓர வேலிக்கு எக்ஸோரா வேண்டாம், மருதோன்றி வையுங்கள். வறட்சியையும் தாங்கும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் பென்சில் பருமனான, 9 அங்குல மருதோன்றித் தடிகளை வெட்டி, பாத்தி விளிம்பில் இருந்து 6 அங்குலம் உள்ளே, 9 அங்குலத்துக்கு ஒன்றாக ஊன்றுங்கள். பாத்திக்கு ஏறத்தாழ 40 தடி. சில பட்டுப்போகும், கால்வாசி கூடுதலாக ஒரு மூலையில் ஊன்றி வைத்தால் இடைவெளி நிரப்பலாம்.

பாத்தி மண், விளிம்புச் செங்கலை விட 2 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். கோடையில் இறைக்கும் கிணற்றுத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். மாரியில் அதே தண்ணீர் தேங்கினால் உள்ளே நட்ட நித்தியகல்யாணி வேரழுகிச் சாகும். ஆகவே பாத்தியின் தாழ்ந்த மூலையில் ஒரு கல்லைச் சாந்து பூசாமல் வையுங்கள், மழைக்குக் கழற்றிவிட. தண்ணீரை அடியில் விடுங்கள். இலையில் தெளித்தால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும்.

மருதோன்றித் தளிர் 8 அங்குலம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளாமல் விட்டால் மேலே மட்டும் அடர்ந்து அடி வெறுமையாகும். 18 அங்குல உயரத்தில் நிறுத்தி, அடி 12, மேல் 9 அங்குல அகலமாகச் சரித்து வெட்டுங்கள். அப்போதுதான் கீழ் இலைக்கும் வெயில் படும். வெட்டும் நாளிலும் கயிறு கட்டித்தான் வெட்ட வேண்டும்.