ஓஹாயோவின் கொலம்பஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஆவணி முதல் தை வரை ஒரு அமெரிக்க ஃபுட்பால் சீசன்

2012 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கத்தரிக்காய் வாங்கப் போன நான் லேன் அவென்யூவில் இரண்டு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் சிவப்புச் சட்டை. ஏதோ தேர்த் திருவிழா போல என்று நினைத்தேன். அப்படியொன்றும் தப்பாக நினைக்கவில்லை. ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் உட்காரலாம். குதிரை லாட வடிவில் 1922இல் கட்டியது. தேர் அங்கேதான்.

அதனால் முதல் வேலை, அட்டவணை. ஆகஸ்டிலேயே பல்கலைக்கழக அணியின் 12 ஆட்டங்களையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே நம் நாட்காட்டி இருக்கட்டும். ஊருக்குள் ஆட்டம் இருக்கும் நாளில் லேன் அவென்யூ, ஹை ஸ்ட்ரீட், ஒலென்டாஞ்சி ரிவர் ரோடு மூன்றையும் மறந்துவிடுங்கள். தேதியைப் பேனாவில் எழுதலாம், நேரத்தைப் பென்சிலில் எழுதுங்கள். டிவிக்காரர்கள் வைத்ததுதான் நேரம். மதியம் 12 மணியா, மூன்றரையா, இரவு ஏழரையா என்பது பல ஆட்டங்களுக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதுதான் தெரியும். கொலுவுக்கு ஆள் கூப்பிடுகிறவர்களுக்கு இது எவ்வளவு தொல்லை என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

என் மகன் அங்கே படிக்கச் சேர்ந்தது 2024இல். அதுவரை ஜன்னல் வழியாகப் பார்த்த திருவிழாவுக்குள் அந்த வருடம்தான் இறங்கினேன். விநாயகர் சதுர்த்தி அன்று இரவு வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக அணியை 56-0 என்று அடித்தார்கள். நான் கொழுக்கட்டைச் சட்டியைக் கழுவி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்த மாதிரிதான். இப்படிப்பட்ட செப்டம்பர் ஆட்டங்கள் புதியவர்களுக்கென்றே அமைந்தவை. எதிரணி எளியது, வெயில் இருக்கும், டிக்கெட்டும் பெரிய ஆட்டங்களைவிட மலிவு. நேரில் போவதென்றால் இப்போதே போய்விடுங்கள். கைப்பை இல்லாமல் போவது உத்தமம். சாப்பாடும் வேண்டாம். புளியோதரை டப்பாவோடு போய் வாசலில் விழித்த பெண்மணி யார் என்று கேட்காதீர்கள்.

இனி விதிகள். ஃபுட்பால் என்ற பெயரை நம்பிக் காலைப் பார்க்காதீர்கள், ஆட்டம் பெரும்பாலும் கையில். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், முன்னால் ஓடுகிறவருக்கு எறியலாம். மைதானம் 100 கெஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி புதிதாக நான்கு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. 10 கெஜம் எவ்வளவு என்றால், என் பாட்டியின் ஒன்பது கெஜம் புடவையைக் கூடத்தில் விரித்து, அதன் தலைப்பில் ஒரு ரவிக்கைத் துணியை வையுங்கள். அவ்வளவுதான். இந்தப் புடவை நீளத்துக்குத்தான் இத்தனை முட்டல். திரையின் ஓரத்தில் "மூன்றாவது, 7" என்று வந்தால் மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 7 கெஜம் பாக்கி என்று பொருள். பந்தோடு எதிரணிப் பக்கத்து எல்லைக் கோட்டைக் கடந்தால் டச் டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. மற்றதெல்லாம் போகப் போக வரும். எனக்கு இன்னும் பாதி வரவில்லை.

கடிகாரப்படி 60 நிமிட ஆட்டம், முடிய மூன்றரை மணி நேரம் ஆகும். விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். சட்னி அரைக்க, துணி மடிக்க இதைவிட வசதியான விளையாட்டு கிடையாது. ஆனால் வாத்தியக் குழு வரும்போது எழுந்து போகாதீர்கள். பித்தளை வாத்தியங்களும் மேளமும் மட்டுமே உள்ள குழு. நடந்தபடியே மைதானத்தில் ஓஹாயோ என்று ஆங்கிலத்தில் கூட்டெழுத்தாக எழுதுவார்கள். 1936இலிருந்து நடக்கிறது. கடைசியில் சூசஃபோன் என்ற பெரிய பித்தளைக் குழலைச் சுமந்துகொண்டு ஒருவர் துள்ளி வந்து 'ஐ' எழுத்தின் மேல் புள்ளியாக நிற்பார். மைதானமே அலறும். நான் ஆட்டத்துக்குக் கைதட்டியதைவிட அந்தப் புள்ளிக்குத் தட்டியதுதான் அதிகம்.

அக்டோபரில் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 2024 விஜயதசமி அன்று இரவு ஓரிகனில் போய் 32-31 என்று தோற்றார்கள். ஒரே ஒரு புள்ளி. தீபாவளி விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தோம், அன்று மதியமே பென் ஸ்டேட் ஆட்டம். நல்லவேளை 20-13. வந்தவர்கள் யாரும் முறுக்கை மிச்சம் வைக்கவில்லை.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமைதான் முக்கியம், மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். 1897இல் தொடங்கிய பகை. அந்த வாரம் வளாகத்தில் உள்ள பெயர்ப் பலகைகளில் எங்கெல்லாம் ஆங்கில 'எம்' இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். மிச்சிகன் என்ற பெயரைக்கூடச் சொல்லாமல் "வடக்கே இருக்கும் அந்த அணி" என்பவர்கள் உண்டு. தெரியாமல் அவர்கள் நிறங்களான நீல ஸ்வெட்டரும் மஞ்சள் சால்வையுமாக வெளியே கிளம்பாதீர்கள்.

2024இல் அந்த ஆட்டத்தைச் சுலபமாக ஜெயிப்போம் என்றுதான் ஊரே இருந்தது. 13-10 என்று தோற்றார்கள், அதுவும் சொந்த மண்ணில், தொடர்ந்து நான்காவது வருடமாக. மிச்சிகன்காரர்கள் நடு மைதானத்தில் கொடியை நடப்போய் அடிதடியாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது. இப்படிப்பட்ட மாலையில் பிள்ளைக்கு ஃபோன் செய்து "விளையாட்டில் இதெல்லாம் சகஜம்" என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. பேசாமல் ரசமும் அப்பளமும் செய்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். பயிற்சியாளர் ரயன் டேயை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று எங்கள் தெருவில் நாயை நடைக்குக் கூட்டிப்போகிறவர்கள்கூடப் பேசிக்கொண்டார்கள்.

அட்டவணையை அன்றைக்கே கழற்றிப் போட்டுவிடாதீர்கள். நான் செய்த பெரிய தவறு அதுதான். 2024இலிருந்து தேசிய இறுதிச் சுற்றுக்கு 12 அணிகள். முன்பெல்லாம் நான்குதான். இரண்டு தோல்வி இருந்தும் எட்டாவது இடத்தில் நம் அணி உள்ளே போய்விட்டது. குப்பைக் கூடையிலிருந்து தாளை எடுத்து நீவி மறுபடி ஒட்டினேன். டிசம்பர் 21, மார்கழி, பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர், இரவு 8 மணிக்கு டென்னசி. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் அவ்வளவு பேர் வந்திறங்கியிருந்தார்கள். 42-17. இந்த மாதத்தில் நேரில் போகிறவர்கள் காலுக்கு இரண்டு ஜோடிச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். மங்கி குல்லாவை வெட்கப்படாமல் போடுங்கள்.

புத்தாண்டு அன்று அதே ஓரிகனை 41-21 என்று தீர்த்தார்கள். ஜனவரி 10 டெக்சஸ், 28-14. அதில் நம் அணியின் ஜாக் சாயர் எதிரணியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு, தானே எடுத்து 83 கெஜம் ஓடினார். பாட்டியின் புடவை ஒன்பது, அதற்கு மேலும் இரண்டு கெஜம். பொங்கல் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, அட்லாண்டாவில் நோட்டர் டேமோடு இறுதி ஆட்டம். எதிரணி நெருங்கிக்கொண்டே வந்தது. மூன்றாவது வாய்ப்பு, 11 கெஜம் பாக்கி. அப்போது நம் அணியின் வில் ஹவர்ட் எறிந்த பந்தை ஜெரமையா ஸ்மித் என்ற முதல் வருடப் பையன் பிடிக்க, 56 கெஜம் போனது. என்ன நடந்தது என்று யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. 34-23.

மறுநாள் காலை அந்த நைந்த தாளைக் கழற்றிச் சமையல் குறிப்பு நோட்டுக்குள் வைத்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் புதிய தாள். முதல் வரி: 2025 ஆகஸ்ட் 30, டெக்சஸ், உள்ளூரில். நேரம், பென்சிலில்.