பசுமைக் கணக்கை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நிறுவனமோ நகராட்சியோ எவ்வளவு எரிசக்தி, தண்ணீர் செலவழிக்கிறது, எவ்வளவு குப்பை போடுகிறது என்பதுதான் இங்கே பசுமைக் கணக்கு. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருப்பவை, 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர் எனும் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி கட்டாயம் தர வேண்டும். விற்றுமுதலில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு எரிசக்தி செலவானது என்ற விகிதம் அதில் உண்டு. இந்த ஒரு எண்ணை வைத்தே ஒரு நிறுவனத்தை இன்னொன்றோடு எடைபோடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு.

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். 2022-இல் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலையும் ஏறியது. அதே இயந்திரம், அதே மின்சாரம், அதே நூல். விற்றுமுதல் மட்டும் வீங்கியது. உடனே ரூபாய்க்கு இத்தனை யூனிட் என்ற கணக்கு அழகாகக் குறைந்துவிடும். ஆனால் ஒரு யூனிட்கூட மிச்சமாகியிருக்காது. விலை இறங்கியதும் அதே ஆலை மோசமானதுபோலத் தெரியும்.

அதனால் ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கவுண்ட் என்பது நூலின் மென்மையைச் சொல்லும் எண்; எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும். 80-ஆம் கவுண்ட் மெல்லிய நூலுக்கு, 20-ஆம் கவுண்டைவிடக் கிலோவுக்கு மிக அதிக மின்சாரம் ஆகும். கோவை வட்டார ஆலைக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. எல்லாவற்றையும் 40-ஆம் கவுண்டுக்கு மாற்றிக்கொண்ட பிறகே ஒப்பிடுவார்கள். கோவையின் சிட்ரா ஆய்வு நிறுவனம் ஆலைக்கு ஆலை ஒப்பீடுகளை நெடுங்காலமாகவே செய்துவருகிறது. நம் நகராட்சிகள் கற்றுக்கொள்ள வேண்டிய பக்குவம் இது.

நகராட்சிகளில் விற்றுமுதலின் இடத்தில் மக்கள்தொகை வந்து உட்காருகிறது. தலைக்கு இத்தனை கிராம் குப்பை என்பதற்கு 2011 கணக்கெடுப்பை வைத்து வகுத்தால், பத்தாண்டுக்கும் மேலான வளர்ச்சி கணக்கில் வராது. பௌர்ணமி கிரிவலம் நடக்கும் திருவண்ணாமலையிலும், மே மாத ஊட்டியிலும் வெளியூர்க்காரர் போட்ட குப்பை உள்ளூர்க்காரர் தலையில் ஏறும். வந்துபோகிறவர்களைத் தோராயமாகவாவது சேர்த்து வகுக்க வேண்டும்.

எல்லை மாறியதைக் கவனிக்காமல் விடுவது அடுத்தது. சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. 2010-ஐயும் 2012-ஐயும் ஒரே கோட்டில் இணைக்கும் வரைபடம் இரண்டு வேறு ஊர்களைக் காட்டுகிறது. நிறுவனங்களிலும் இதுதான். சாயமிடும் வேலையை வெளியே கொடுத்துவிட்டால் தண்ணீர்ச் செலவு தாளில் குறையும். அந்தத் தண்ணீர் வேறொரு பட்டறையில் செலவாகிக்கொண்டேதான் இருக்கும்.

அடிப்படை ஆண்டைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. சென்னையின் ஏரிகள் வறண்ட 2019-ஐ வைத்துத் தலைக்கு ஆன தண்ணீரைக் கணக்கிட்டால் எண் மிகக் குறைவாக வரும். அதைச் சிக்கனம் என்று எழுதிவிடக் கூடாது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த பெண்களின் தவிப்பு அது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்குத் தலைக்கு 135 லிட்டர் என்பது விதிமுறை. அதற்குக் கீழே போனால் பற்றாக்குறை, சாதனை அல்ல. ஊரடங்கு நடந்த 2020-21-ஐ அலுவலக மின்சாரத்துக்கு அடிப்படையாக்குவதும் இதே ரகம்.

அளக்கும் முறை மாறினாலும் ஏமாந்துபோவோம். லாரி நடையைக் கொள்ளளவால் பெருக்கிப் போட்டால் பாதி நிரம்பிய லாரியும் முழு லாரிதான். எடைமேடை வந்த வருடம் டன் கணக்கு சட்டென்று இறங்கும், குப்பை குறைந்ததாகத் தோன்றும். முறை மாறிய ஆண்டை அறிக்கையில் குறித்துவையுங்கள்.

தரவரிசை பற்றிச் சுருக்கமாக ஒன்று. நகரங்களின் தூய்மையை மதிப்பிடும் மத்திய அரசின் ஸ்வச் சர்வேக்ஷண் 2016-இல் 73 நகரங்களோடு தொடங்கி, 2019-இல் நான்காயிரத்தைத் தாண்டியது. மதிப்பெண் பிரிப்பும் மாறிக்கொண்டே வந்தது. அன்றைய இடத்தையும் பிந்தைய இடத்தையும் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை. குப்பையைத் தரம் பிரிப்பதில் எவ்வளவு வாங்கினோம் என்று தலைப்பு வாரியாகப் பாருங்கள்.

அப்புறம், யாரோடு ஒப்பிடுவது? உங்கள் ஊரைப் போலவே மழை, தொழில், மக்கள் நெருக்கம் உள்ள மூன்று நான்கு ஊர்கள் போதும். அங்குள்ள பொறியாளரிடம் எண்ணைக் கேட்கும்போதே அது மீட்டரில் பார்த்ததா, மதிப்பீடா, எந்தெந்த வார்டுகள் அதில் அடங்கும், எதால் வகுத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.