நையாண்டிப் பத்திரிகை ஆசிரியராக ஆசையா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

நாலு மீம் வைரலானதும், ஒரு நையாண்டிப் பத்திரிகை தொடங்கி அப்படியே டிவியிலும் போய் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றும். தோன்றட்டும், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் பிரிட்டனின் இயன் ஹிஸ்லப் என்ன பாடுபட்டார் என்று பார்த்துவிடுங்கள்.

டிவியில் தொடங்க நினைப்பதுதான் முதல் தவறு. ஹிஸ்லப் 'பிரைவேட் ஐ' என்ற நையாண்டிப் பத்திரிகைக்கு ஆசிரியரானது 1986-இல், 26 வயதில். அவர் வரும் பிபிசியின் செய்திக் கிண்டல் ஷோ 'ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' வந்தது 1990-இல்தான். இன்றும் அந்த ஷோவில் அவர் அடிக்கும் கிண்டலுக்குச் சரக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்திரிகைக்காகப் படித்து, விசாரித்து, வெட்டி எறிந்ததில் மிஞ்சியதுதான்.

அடுத்தது, ஆளைக் கவிழ்க்கும் தவறு: 'தமாஷ்தானே, யார் கேஸ் போடப் போகிறார்கள்?' தமாஷுக்குப் பெரும்பாலும் கேஸ் வராது, அதற்குள் ஒளிந்திருக்கும் தகவலுக்குத்தான் வரும். இங்கிலாந்து அவதூறுச் சட்டத்தில் எழுதியது உண்மை என்று நிரூபிக்க வேண்டியது எழுதியவர் பாடு. பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் 1986-இல் 'பிரைவேட் ஐ' மேல் கேஸ் போட்டு ஜெயித்தார். 1991-இல் அவர் இறந்த பிறகு, தன் நிறுவனத் தொழிலாளர்களின் பென்ஷன் பணத்திலேயே கைவைத்திருந்தது தெரியவந்தது. ஆள் மோசம் என்பது வேறு, அச்சடித்த அந்த ஒரு வரியை கோர்ட்டில் நிரூபிப்பது வேறு.

பழைய இதழ்களும் துரத்தும். ஒரு தொடர் கொலைகாரனின் மனைவி தன் கதையைப் பத்திரிகைக்கு விற்கப் பேரம் பேசினார் என்று 'பிரைவேட் ஐ' எழுதியது 1981-இல், அப்போது ஹிஸ்லப் ஆசிரியரே இல்லை. அவர் போட்ட கேஸில் 1989-இல் ஜூரி 6 லட்சம் பவுண்டு நஷ்டஈடு போட்டது. கோர்ட் வாசலுக்கு வந்து, 'இதுதான் நீதி என்றால் நான் ஒரு வாழைப்பழம்' என்றார் ஹிஸ்லப். அப்பீலுக்குப் பிறகு அது 60,000 ஆனது. வாசகர்கள் திரட்டித் தந்த பணத்தில் மிஞ்சியதை, கொலையானவர்களின் குடும்பங்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.

யாரைக் கிண்டல் செய்கிறோம் என்பதில் குழம்புவது இன்னொன்று. 1997-இல் இளவரசி டயானா இறந்தபோது வந்த 'பிரைவேட் ஐ' அட்டைப்படத்தில், அரண்மனை வாசலில் கூடியிருந்த கூட்டத்தில் ஒருவர் பத்திரிகைகளைத் திட்டுகிறார், பக்கத்தில் இருப்பவர் 'ஆமாம், எங்கேயும் ஒரு பேப்பர் கிடைக்கவில்லை' என்கிறார். இறந்தவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை, பேப்பரைத் தேடி வாங்கிப் படித்துக்கொண்டே திட்டியவர்கள் மேல்தான் அடி. அப்படியும் சில பெரிய கடைகள் அந்த இதழை எடுத்துவிட்டன. குறி சரியாக இருந்தாலும் நஷ்டம் வரலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

அப்புறம், எதிர்த்து நிற்கிற ஒரே காரணத்துக்காக ஒருவரை நம்பிவிடுவது. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசி விஷயத்தில் அதன்மேல் சந்தேகம் கிளப்பியவர்கள் பக்கம் சாய்ந்து 'பிரைவேட் ஐ'காரர்கள் 2002-இல் சிறப்பறிக்கையே போட்டார்கள், 2010-இல் அவர்களுடைய மருத்துவப் பத்தியாளரே அது தவறு என்று எழுத வேண்டியதாயிற்று. தபால் துறைக் கணினிக் கோளாறால் சப்-போஸ்ட்மாஸ்டர்கள் திருடர்களாக்கப்பட்டதைப் பல ஆண்டுகள் விடாமல் எழுதியதும் இதே பத்திரிகைதான். அங்கே சந்தேகம் சரியான இடத்தில் விழுந்தது.

கடைசியாக, அரசியல்வாதியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சிரிப்பது. போரிஸ் ஜான்சன் அந்த பிபிசி ஷோவுக்கு 1998-இல் விருந்தாளியாக வந்தார், ஹிஸ்லப் முகத்துக்கு நேரே துருவத்தான் செய்தார். மக்கள் மனதில் பதிந்ததோ தலை கலைந்த வேடிக்கை மனிதர்தான். பிறகு தொகுப்பாளராகவும் அழைத்தார்கள், 2019-இல் அவர் பிரதமர்.