சென்னைக் காற்றில் பழைய நாணயம்: தரம் பார்ப்பதும் கெடாமல் வைப்பதும்

பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து ஒரு விக்டோரியா ரூபாய் வெளியே வந்தால், வீட்டில் யாராவது ஒருவர் உடனே விபூதி எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுவார். குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் கிண்ணத்துக்கு விபூதி என்று பழகிய கை அது. நாணயத்துக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை. அச்சு இறங்கும்போது உலோகம் ஓரத்தை நோக்கி வழிந்ததால் உண்டான மிக நுண்ணிய கோடுகள் பரப்பில் இருக்கும். நாணயத்தின் பளபளப்பு அந்தக் கோடுகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான். தேய்த்தால் கோடு போகும், போனது திரும்பாது. தரம் இறங்கத்தான் முடியும், ஏறாது. ஆகவே வந்த நிலையிலேயே பார்த்து, எடை போட்டு, எழுதி, ஈரம் படாமல் வையுங்கள். சென்னையில் அந்தக் கடைசி வேலைதான் கடினம்.

தரம் பார்ப்பது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். மேசையில் நாலாக மடித்த துண்டு ஒன்றை விரியுங்கள்; கை தவறினால் நாணயம் அதில் விழட்டும். விரல் படுவது விளிம்பில் மட்டும். நாணயத்தின் மேல் குனிந்துகொண்டு பேச வேண்டாம். தெறிக்கும் எச்சில் துளி நாளடைவில் கரும்புள்ளியாகி நின்றுவிடும்.

டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கைப் போடுங்கள். நாலு பக்கமும் பரவும் வெளிச்சம் கீறலையும் தேய்மானத்தையும் மறைத்துவிடும். 5 அல்லது 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். நாணயத்தைச் சாய்த்து மெதுவாகச் சுழற்றினால், தேயாத பரப்பில் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலச் சுற்றிவரும். அந்தச் சுழற்சி எங்கே அறுபடுகிறதோ அங்கே உலோகம் தேய்ந்திருக்கிறது.

விக்டோரியா ரூபாயில் முதலில் தேய்வது மேடான இடங்கள்: கிரீடம், காதுக்கு மேலே உள்ள தலைமுடி, மேலாடையின் பூவேலை. பின்பக்கத்தில், எழுத்தைச் சுற்றி ஓடும் கொடியின் பூக்கள். முடி இழை இழையாகப் பிரிந்து, மேட்டிலும் ஒளிச் சுழற்சி அறாமல் இருந்தால் அது அன்சர்க்குலேட்டட், அதாவது புழக்கத்துக்கே வராதது. மேடுகளில் மட்டும் லேசாகச் சாம்பல் பூத்து, பள்ளங்களில் பளபளப்பு மிச்சமிருந்தால் ஏயு (அபவுட் அன்சர்க்குலேட்டட்). இழைகள் உச்சியில் மழுங்கி, பூவேலை முழுதும் தெளிவாக இருந்தால் எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்). இழை போய்க் கற்றை மட்டும் தெரிந்தால் விஎஃப் (வெரி ஃபைன்). கிரீடமும் முடியும் ஒரே மேடாகி வெளிக்கோடு மட்டும் நின்றால் ஃபைன், அல்லது அதற்கும் கீழே. ‘குட்’ என்று ஒரு படி உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஏறக்குறைய அடிமட்டம் அதுதான்.

1949-ல் அமெரிக்க நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலில் விஎஃப் 20–35, எக்ஸ்எஃப் 40–45, ஏயு 50–58, 60 முதல் அன்சர்க்குலேட்டட். சொந்தச் சேகரிப்புக்கு எண் தேவையில்லை, படி போதும். இரண்டு படிகளுக்கு நடுவே தயங்கினால் கீழ்ப்படியை எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய குறிப்பைப் பார்க்காமல் மறுபடி தரம் போடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் கண் பழகிவிட்டது என்று பொருள்.

புதியவர்கள் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, அச்சே சரியாக விழாத நாணயத்தைத் தேய்ந்தது என்று நினைப்பது. அச்சு விழாத மேட்டில் உருவம் மங்கலாக இருந்தாலும் பளபளப்பு இருக்கும்; தேய்ந்த மேட்டில் வழவழப்பான சாம்பல் நிறம்தான் இருக்கும். மற்றொன்று, தேய்த்துப் பளபளப்பாக்கியதை அன்சர்க்குலேட்டட் என்று நம்பி வாங்குவது. அதில் ஒளி சுழலாது, கண்ணாடி போல ஒரே இடத்தில் அடிக்கும். லென்ஸில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு மிஞ்சியிருக்கும். இப்படிப்பட்டதை ‘எக்ஸ்எஃப், தேய்த்தது’ என்றே எழுதி வையுங்கள்.

எடையும் தண்ணீர்ச் சோதனையும்

1835 முதல் 1939 வரையான வெள்ளி ரூபாய் 11.66 கிராம், வெள்ளி 91.7 விழுக்காடு. 1940–45 ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ரூபாய் ஒட்டினால் பேச்சே இல்லை, போலி.

எடையும் சரியாக இருந்தால் அடர்த்தியைப் பாருங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய டம்ளரை வைத்துச் சுழியாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நல்ல ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 கிராம் காட்டும். 1.3 காட்டினால் அது செம்பு-நிக்கல் போன்ற கலவை. நாணயத்தை ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். போர்வெல் தண்ணீர் இந்த வேலைக்கு ஆகாது. அதிலுள்ள உப்பின் குளோரைடுதான் அடுத்துச் சொல்லப்போகும் செப்பு நோயின் விதை. பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரே போதும்.

செம்பில் இரண்டு களிம்பு

சோழர் காசு, கம்பெனிக் காலத்து 10 காசு, 20 காசு போன்ற செப்பு நாணயங்களுக்கு ஷெல்டன் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ராஜராஜன் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவமும், மறுபக்கம் அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தும் எந்த அளவு படிக்க முடிகிறது என்பதே தரம்.

அதன்மேல் படிந்த களிம்பு கெட்டியாக, கரும்பச்சையோ பழுப்போ ஆகி இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள், அது காசுக்குக் கவசம். வெளிர்ப் பச்சையில் மாவு போலப் பூத்து, பல்குத்தும் குச்சி பட்டதும் உதிர்ந்தால் அது நோய். உள்ளே சிக்கிய குளோரைடும் காற்றின் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன. அந்தக் காசை உடனே தனியாகப் பிரித்து உலர்ந்த டப்பாவில் வையுங்கள். உப்பை இறக்க டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றலாம். வாரக்கணக்கில் ஆகும், மேல்நிறமும் சற்று மாறலாம். அரிய காசு என்றால் நீங்களாகக் கைவைக்காமல் உலோகப் பாதுகாப்பு அறிந்தவரிடம் கொடுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு பல பத்தாண்டுகளாகச் செப்புத் திருமேனிகளில் போராடிவருவது இதே நோயோடுதான்.

எதில் வைப்பது

கடையில் மலிவாகக் கிடைக்கும் வளைந்து கொடுக்கும் ஆல்பம் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் வாங்காதீர்கள். அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருளும், பிவிசி சிதைந்து வரும் அமிலமும் இறங்கி, சில ஆண்டுகளில் நாணயத்தில் பச்சைப் பிசின் படியும். மைலார் (பாலியெஸ்டர் தாள்), பாலிபுரோப்பிலீன், அக்ரிலிக் ஆகிய மூன்று பிளாஸ்டிக்கும் பாதுகாப்பானவை. மைலார் ஜன்னல் வைத்த அட்டையில் ஸ்டேப்ளர் பின் அடித்தால், பின்னின் முனையைக் குறடால் தட்டையாக்குங்கள். இல்லையென்றால் பக்கத்து நாணயத்தைக் கீறும்.

பிசின் ஏற்கெனவே படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோன் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும். இரண்டு கண்ணாடிக் கிண்ணம் எடுத்து, முதலாவதில் ஐந்து நிமிடம், புது அசிட்டோன் ஊற்றிய இரண்டாவதில் ஒரு நிமிடம் வைத்து, தேய்க்காமல் காற்றில் உலரவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடுப்போ பூஜை விளக்கோ எரியக்கூடாது, ஆவி சட்டெனப் பற்றும்.

பிறகு பெட்டி. ரப்பர் வளையம் போட்டு இறுக மூடும் 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே துணிப்பையில் ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் 200 கிராம், பக்கத்தில் சிறிய டிஜிட்டல் ஈரப்பத மானி. அளவு 40 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மழைக்காலத்தில் வெளிக்காற்று அதைப் போல இருமடங்கு காட்டும். ஜெல் பச்சையாக மாறினால் 110–120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியதும் திரும்பப் போடுங்கள். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், அந்துருண்டை எதுவும் உள்ளே வேண்டாம். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீடுகளில் வெள்ளி சீக்கிரம் கறுப்பது காற்றிலுள்ள கந்தக வாயுவால். அங்கே இறுக்கமான மூடி இன்னும் முக்கியம்.

டப்பாவை மர அலமாரியில் வைக்காமல் இரும்பு பீரோவில் வையுங்கள், மழைச் சாரல் படும் வெளிச்சுவரை ஒட்டாமல், மேல் தட்டில். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த டப்பாவை அரை மணி நேரமாவது மூடியே வைத்துத் திறக்க வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த நாணயத்தின்மேல் நீர் வியர்க்கும். மோர் டம்ளரில் வியர்ப்பது போலத்தான்.

வங்கி லாக்கர் எடுத்தால் தரைமட்டத்துக்கு மேலே கேளுங்கள். 2022 ஜனவரி முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வெள்ளம் போன்ற இயற்கைப் பேரிடருக்குப் பொறுப்பில்லை, 2015 டிசம்பரைப் பார்த்த ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. அதனால் ஒவ்வொரு நாணயத்தின் இரு பக்கப் படம், எடை, தரம், வாங்கிய தேதி, விலை எல்லாம் அடங்கிய பதிவேட்டை லாக்கருக்கு வெளியே வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பும் தை பிறந்த பிறகும் டப்பாவைத் திறந்து, அந்தப் படத்தோடு ஒப்பிட்டுச் செப்புக் காசுகளை முதலில் பாருங்கள்.