எருக்கம்புழு உலோகத்தை எப்படிச் சமாளிக்கிறது: வீட்டிலேயே பார்க்கலாம்

மண்டபம் போகும் சாலையோரம் எருக்கஞ்செடிக்குப் பஞ்சமே இல்லை. வண்டி டயர் தேய்ந்து விழும் துத்தநாகம் தூசியோடு அந்த இலைகளில் படிகிறது, அதையும் சேர்த்துத்தான் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு தின்கிறது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு இருந்தால் அதுதான்.

இலையோடு எடுத்து அகன்ற பாட்டிலில் விட்டு, வாயைத் துணியால் கட்டுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, உடனே கையைக் கழுவிவிடுங்கள். தினமும் அதே செடியின் புது இலை. அடியில் வெள்ளைத் தாள் விரித்தால் புழுக்கை தெளிவாகத் தெரியும், அதை விடாமல் கவனியுங்கள், ஏனென்றால் இலை தின்னும் பூச்சிகள் வயிற்றுக்குள் போன உலோகத்தில் பெரும்பங்கைப் புழுக்கையோடுதான் வெளியே தள்ளுகின்றன. மிச்சத்தை நடுக்குடல் செல்கள் ஒருவகைப் புரதத்தால் கட்டிப்போட்டு, நுண்ணிய மணிகளாக ஒதுக்கி வைக்கின்றன.

அப்புறம் கூட்டுப்புழு, அதைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே பழைய குடல்செல்கள் உதிர்ந்து புதியவை வளர்கின்றன. பட்டாம்பூச்சி வெளியே வந்து சிறகை உலர்த்தும்போது கலங்கலாகச் சில சொட்டு விடும், சேர்த்துவைத்த உலோகத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். எனக்கு இதுதான் பேரதிசயம்! சிறகு காய்ந்ததும், எடுத்த செடியருகிலேயே விட்டுவிடுங்கள்.